கடனுக்கு ஓலை வாசித்த காலம்

கண்ணில் புரை அகற்றுவதற்காக அண்மையில் ஒரு வங்கியில் கடன் கேட்டுப் போனேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் முறை வரத்தான் செய்யும். ஆனால் அதற்கு முதல் மேலேயிருந்து எனக்கு வேறு அழைப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் தனியாரிடம் செய்ய நினைத்தேன். என்னைக் கதிரையில் இருத்திய பிள்ளை அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள்.

"ஐயா, உங்கடை பேரிலை ஒண்டுமே இல்லை."

"கடன் இல்லையெண்டால் நல்லதுதானே, பிள்ளை?"

"இல்லை ஐயா. எடுத்ததும் இல்லை, கட்டினதும் இல்லை. சிஸ்டத்துக்கு உங்களை ஆரெண்டே தெரியாது."

வாழ்நாளில் பாதியை ஊராருடைய கடனை எடைபோடுவதில் கழித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான செருப்படி கிடைக்காது. நான் சிரித்ததைப் பார்த்து அவளுக்கும் கொஞ்சம் இரக்கம் வந்தது போலும். "கணினி இல்லாத காலத்திலை நீங்கள் ஆளைப் பற்றி எப்பிடி அறிஞ்சு கடன் குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். "ஓலை வாசிச்சனாங்கள்" என்றேன். புரை கண்ணைத் தாண்டி மூளைக்குள் போய்விட்டது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் யுத்த காலத்தில் வங்காலைக் கடற்கரைப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கமொன்றின் கிராமிய வங்கியில் கிளாக்கராக இருந்தேன். சங்கத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். பழைய தலைவர்களின் பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போது அப்புக்காத்துமார், வழக்கறிஞர்கள். வேலைக்கு முன் எனக்குக் கிடைத்த பயிற்சி முழுவதையும் ஒரு பீடிக்கட்டின் முதுகில் எழுதிவிடலாம். வரவு ஒரு பக்கம், செலவு மறுபக்கம், தலைவரின் மருமகனுக்குக் கொடுத்த கடன் எந்தப் பக்கத்திலும் இல்லை. அப்படிக் கொடுத்துக் கொடுத்துச் சங்கம் கவிழப்போன நேரத்தில்தான் குரூஸ் மனேஜர் வந்து சேர்ந்தார்.

குரூஸ் மனேஜர் சுவாமியாராவதற்குக் குருமடத்தில் படித்து, குருப்பட்டம் வாங்குமுன் திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய மனைவியை ஒருமுறை பார்த்தவர்களுக்குக் கேட்கத் தேவையுமிருக்கவில்லை, அவ்வளவு வடிவு. குருமடத்தை அவர் விட்டாரே தவிர, குருமடம் அவரை விடவில்லை. காலையில் பணப்பெட்டியைத் திறக்கும்போது லத்தீனில் ஏதோ முணுமுணுப்பார். கடன் கேட்டு வருபவரிடம் "கடைசியாக எப்ப கடன் வேண்டினனீங்கள்?" என்று பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ளிருந்து கேட்பது போலத் தாழ்ந்த குரலில் கேட்பார். கோபம் வந்தால் கத்தமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதைத் துடைக்கத் துடைக்க எதிரில் நிற்பவர் கேட்ட தொகையைத் தானாகவே குறைப்பார்.

அவர் வந்த நாட்களில் எங்கள் சனத்திடம் கடதாசி என்று எதுவும் மிச்சமிருக்கவில்லை. இடம்பெயர்ந்து வந்தவர், திரும்பிப் போனவர், மறுபடி வந்தவர் என்று கரை முழுக்க ஆட்கள். காணி உறுதி எரிந்துவிட்டது, பிறப்புச் சாட்சிப்பத்திரம் கடலில் போய்விட்டது, அடையாள அட்டை மட்டும் சட்டைப்பையில். யாருக்கு நம்பிக் கொடுப்பது? குரூஸ் மனேஜர் இதற்குத் திருச்சபையிடமிருந்தே வழியைக் களவெடுத்தார்.

கத்தோலிக்கருக்குத் தெரியும். ஒருவருக்குக் கலியாணம் பேசினால், கோயிலில் மூன்று ஞாயிறு அவர்களுடைய பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பார்கள். இந்தக் கலியாணத்துக்கு விக்கினம், அதாவது தடை, ஏதும் இருப்பதாக யாராவது அறிந்திருந்தால் வந்து சொல்லவேண்டும். மாப்பிள்ளைக்கு இன்னொரு ஊரில் இன்னொரு மனைவி இருந்தால் அப்போது வெளியே வரும். "கலியாணத்துக்கு வாசிக்கலாமெண்டால் கடனுக்கு ஏன் வாசிக்கேலாது?" என்றார் மனேஜர். "கலியாணத்தையாவது வீட்டுக்குள்ளை சமாளிக்கலாம். கடனைச் சமாளிக்கேலாது."

கோயிலுக்குள் வாசிக்கப் பங்குச்சுவாமி விடவில்லை. ஆகையால் ஞாயிறு முதற்பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரத்தில், பக்கத்திலிருந்த எங்கள் வங்கிக் கந்தோர் வாசலில் மனேஜர் கைமணி அடிப்பார். வாசிப்பது நான். என்னிடம் வேறு திறமை எதுவும் இல்லாவிட்டாலும் தொண்டை இருந்தது. இன்ன ஊர் இன்னாரின் மகன் இன்னார், இன்ன தேவைக்காகச் சங்கத்திடம் கடன் கேட்டு நிற்கிறார், இது முதலாம் ஓலை, இக்கடனுக்கு விக்கினம் உண்டென்று அறிந்த எவரும் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று நீட்டி முழக்குவேன். கடைசிச் சொல்லுக்குப் பிறகு மனேஜர் மனதுக்குள் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் மறுபடி மணி. மூன்றாம் ஓலையும் விக்கினமில்லாமல் கழிந்தால் கடன் கிடைக்கும்.

சனத்துக்கு இது பூசையைவிடப் பிடித்துப்போனது. பிரசங்கத்தில் தூங்குபவர்கள்கூட ஓலைக்கு முழித்திருப்பார்கள். பாப்பாமோட்டையில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பெருமாள் என்பவர் பயிர்க்கடன் கேட்டிருந்தார். சைவ சமயக்காரர். "உன் புருசனுக்கு வங்காலையிலை ஓலை வாசிக்கினம்" என்று யாரோ ஒரு நல்ல மனிதர் அவருடைய மனைவியிடம் போய்ச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அந்த அம்மாள் மண்வெட்டிப் பிடியோடு வந்து நின்றாள். "எவ அவ? முன்னுக்கு வரச் சொல்லுங்க, ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்று கேட்டாள். மணப்பெண் நாங்கள்தான், சங்கம்தான் என்று அவளுக்கு விளங்கப்படுத்தப் பட்டபாடு கொஞ்சமல்ல. விளங்கிய பிறகும் பெருமாளை அவள் முழுதாக நம்பவில்லை.

சிரிப்பெல்லாம் வருத்தம் வராதவரைக்கும்தான். வருத்தம் என்று எங்கள் பக்கத்தில் நோயைத்தான் சொல்வோம். எங்கள் வங்கியில் நகையை அடகுக்கு வாங்கும் அடைவு மேசையும் என்னுடையதே. எந்த வீட்டிலிருந்து என்ன பொருள் போகிறது என்பதை வைத்தே உள்ளே என்ன வருத்தம் என்று சொல்லப் பழகியிருந்தேன். கோழி விற்றால் காய்ச்சல். தோடு அடைவுக்கு வந்தால் ஊசி மருந்து. சைக்கிள் கைமாறினால் வவுனியாவுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வலை விற்றால் சத்திரசிகிச்சை. தாலிக்கொடி மேசைக்கு வந்தால் நானும் மனேஜரும் எழுந்து நிற்போம், சவம் போகும்போது நிற்பதைப் போல.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே என்று கேட்பீர்கள். ஓம், கட்டில் இலவசம், பெரிய டொக்டர் இலவசம், அவர் எழுதித் தரும் துண்டும் இலவசம். அந்தத் துண்டில் இருக்கும் மருந்து மட்டும், யுத்தத்தில் பூட்டிய பாதை திறந்தால்தான் வரும். பாதை திறக்கும்வரை புண் பொறுக்காது. அதனால் சனம் நவரத்தினம் டொக்டரிடம் போனது. அவர் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக ஒரு டிஸ்பென்சரியும் நாலைந்து கட்டிலும் வைத்திருந்தவர். நோயாளியைக் கண்டால் முதலில் ஏசுவார். பிறகு மருந்து கொடுப்பார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று மறுபடி ஏசுவார். காசில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் பில்லை எழுதிக் கையில் கொடுப்பார், அதை மறக்கவும் மாட்டார். கொழும்பு மொத்த வியாபாரி அவருக்குப் பென்சிலினை இரக்கத்துக்காக அனுப்புவதில்லையே.

இனி சூசையின் கதை. வங்காலைச் சூசை நல்ல கடற்றொழிலாளி. கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் வலை இழுக்கும்போது திருக்கை முள் குத்திவிட்டது. திருக்கை குத்தினால் எவ்வளவு நோகும் என்று எழுத எனக்குத் தமிழ் போதாது. மூன்று ஆண்கள் பிடிக்க, சூசை மாதாவையும் திருக்கையின் தாயையும் ஒரே மூச்சில் கூப்பிட்டான். கை வைத்தியம் பார்த்தார்கள், புண் பழுத்தது, கால் கறுக்கத் தொடங்கியது. பிறகுதான் டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டொக்டர் ஏசி முடித்துவிட்டு, காலைக் கழற்றட்டுமா என்று கேட்டார். அவனுடைய பெண்சாதி மதலேனா வேண்டாம் என்று காலைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளுக்காகவோ, தன் பிடிவாதத்துக்காகவோ, டொக்டர் அந்தக் காலோடு மல்லுக்கட்டினார். கிழித்தார், கழுவினார், கொழும்பிலிருந்து விலை கூடிய மருந்து எடுப்பித்தார். கால் தப்பியது.

கால் தப்பியதற்கான பில் பெரியது. சூசை படுத்திருந்த காலத்தில் முதலில் கோழிகள் போயின. பிறகு தோடு, பிறகு சைக்கிள். கடைசியில் வள்ளத்தின் எஞ்சினையும் விற்று டொக்டருக்கு ஒரு பகுதியைக் கட்டினார்கள். பாதிக்கு மேல் நிலுவையாக நின்றது. சூசை எழுந்து நடந்தபோது வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடந்தது. மற்றக் கடனுக்கெல்லாம் வீட்டில் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும், ஒரு கூரை, ஒரு வலை, ஒரு மருமகனாவது இருப்பான். வருத்தக் கடனுக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஒரு மனிதன் குந்தியிருந்து காலைச் சொறிந்துகொண்டிருப்பான், அவ்வளவுதான்.

எஞ்சின் இருந்தால் உழைக்கலாம், உழைத்தால் எல்லாம் தீரும். சூசை எங்களிடம் எஞ்சினுக்குக் கடன் கேட்டான். முதலாம் ஓலை வாசித்தேன், ஒருவரும் பேசவில்லை. இரண்டாம் ஓலையும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு நவரத்தினம் டொக்டர் குடையை ஊன்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். அவர் கோயிலுக்கு வருபவரல்ல. நான் வாசித்து முடித்ததும் மனேஜர் கண்ணை மூடினார். பரலோக மந்திரத்தில் அவர் பாதி போயிருக்கமாட்டார்.

"விக்கினம் இருக்கு" என்றார் டொக்டர். "எனக்கு வரவேண்டிய காசு வரேல்லை. முதல் என்ரை காசு, பிறகு எஞ்சின்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. விதியும் அதைத்தான் சொன்னது. மனேஜர் மணியைக் கவிழ்த்து வைத்தார். கடன் நின்றது.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல, அன்று பின்னேரமே மற்றவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். சூசையிடம் வரவேண்டியது இருந்தும் அதுவரை பொறுத்திருந்தவர்கள் அவர்கள். டொக்டருக்கே கொடுக்கவில்லையாம், எங்களுக்கு எங்கே கொடுக்கப்போகிறான் என்று வலை கொடுத்தவர் வந்து வலையைச் சுருட்டிக்கொண்டு போனார். சூசையைத் தன் வள்ளத்தில் பங்காளாகச் சேர்ப்பதாக இருந்த சம்மாட்டி வேறு ஆளைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். எல்லாவற்றையும்விட மோசம் கடை மரியநாயகம். மதலேனாவின் மகள் சீனிக்கு வந்தபோது, "கொம்மாவிட்டைச் சொல்லு, ஓலையிலை விக்கினம் விழுந்த ஆக்களுக்கு இஞ்சை கடனில்லை" என்று நாலு பேர் கேட்கச் சொல்லி, சீனி அளக்கும் வெறும் சுண்டுப் பேணியோடு பிள்ளையைத் திருப்பி அனுப்பினான்.

அடுத்த நாள் கந்தோர் திறக்குமுன் மதலேனா வாசலில் நின்றாள். மெலிந்த மனுசி. ஆனால் அவள் வாயைத் தூரத்து அரிப்பு ஊர்வரை அறிவார்கள்.

"மனேஜர் ஐயா, டொக்டர் காலைக் கழட்டட்டோ எண்டு கேட்டவர். கழட்டியிருந்தால் பில் குறைஞ்சிருக்கும். நான்தான் வேண்டாமெண்டனான். இப்ப கால் இருக்கு, எஞ்சின் இல்லை. அந்தக் காலை உங்கடை வங்கியிலை அடைவு பிடிப்பியளோ?"

மனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "கால் அசையும் சொத்து, பிள்ளை. அடைவு பிடிச்சால் ஓடிப்போயிடும்" என்றார்.

அவர் பகிடிக்காகச் சொன்னது. அவள் சிரிக்கவில்லை. "என்ரை பிள்ளையைச் சீனிச் சுண்டோடை திருப்பி அனுப்பினவங்கள், ஐயா. நாங்கள் களவெடுக்கேல்லை. வருத்தம்தான் பிடிச்சது. அதை நீங்கள் மணியடிச்சு ஊருக்குச் சொன்னனீங்கள்" என்றாள். பிறகு போய்விட்டாள். அன்று முழுவதும் மனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் விதியை எழுதியவர் அவர். தான் எழுதிய விதிக்குத் தானே பயப்படுகிற சாதி மனிதர். "கோயிலிலையெண்டால் விக்கினம் தீர்க்க ஆயர் ஆண்டகை உத்தரவு குடுப்பார். எங்கடை சங்கத்துக்கு ஆரடா ஆண்டகை?" என்று என்னைக் கேட்டார். தலைவரை நினைத்துப் பார்த்து இரண்டு பேரும் மறுபடி கணக்குப் புத்தகத்துக்குள் குனிந்துவிட்டோம்.

மதலேனா கருவாடு காயப்போடும் வாடியில் கூலிக்குப் போனாள். சூசை நொண்டி நொண்டிப் பிறருடைய கிழிந்த வலையைப் பொத்திக் கொடுத்தான். பில் அசையவில்லை. வாடிக் கூலியில் சோறு வரும், பில் வராது.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் ஒருநாள் நவரத்தினம் டொக்டரே கந்தோருக்குள் வந்தார். வழக்கமான ஏச்சு எதுவும் இல்லை. கொழும்பு வியாபாரி கடனுக்கு மருந்து தருவதை நிறுத்திவிட்டான். பழைய கணக்கைத் தீர்த்தால்தான் புதுப் பெட்டி வருமாம். அலுமாரியில் இருப்பது இருமல் பாணி மட்டும்.

"சனம் தாறேல்லை. நான் எங்கை போறது?" என்றார். "குரூஸ், எனக்கொரு கடன் வேணும்."

மனேஜரின் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு வெளிச்சம். "தாராளமாத் தரலாம், டொக்டர். சங்கத்திலை அங்கத்தவராகுங்கோ, ரெண்டு பிணையாளியளைக் கொண்டுவாங்கோ. மூண்டு ஞாயிறு ஓலை வாசிப்பம்."

டொக்டர் எழுந்து கதவுவரை போனார். அலுமாரியில் இருமல் பாணிதான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரும்பி வந்து கையெழுத்து வைத்தார்.

டொக்டரின் ஓலைக்கு வந்த கூட்டத்தை நான் திருநாளில்கூடக் கண்டதில்லை. அரிப்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பாப்பாமோட்டையிலிருந்து பெருமாள் மனைவியோடு வந்தார். அத்தனை பேரும் டொக்டருக்குக் கடன்காரர்கள். ஆதலால் எல்லோருக்கும் பார்க்கவும் ஆசை, அவருடைய கண்ணில் படவும் பயம். கிணற்றடியிலும் மரத்தின் பின்னாலும் பதுங்கி நின்றார்கள். முதலாம் ஓலை கழிந்தது, இரண்டாவதும் கழிந்தது. மூன்றாவதற்கு நான் வாயை மூடியதும் மதலேனா முன்னுக்கு வந்தாள்.

"விக்கினம் இருக்கு."

டொக்டரின் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். "நான் உனக்கு என்ன தரவேணும்?" என்று கத்தினார்.

"நீங்கள் எனக்கு ஒண்டும் தரத்தேவையில்லை, டொக்டர். நான்தான் தரவேணும். உந்த மரத்துக்குப் பின்னாலை நிக்கிற ஆக்களும் தரவேணும்." மரத்தின் பின்னால் சிலர் இன்னும் குனிந்தார்கள். அவள் மனேஜரின் பக்கம் திரும்பினாள். "நாங்கள் குடுக்காமல் இவர் உங்கடை கடனை எதிலை கட்டுவார்? எஞ்சின் இல்லாமல் நாங்கள் இவருக்கு எதிலை குடுப்பம்? எங்கடை விக்கினத்தை முதல் அவிழுங்கோ. அவரின்ரை விக்கினம் தன்ரை பாட்டிலை அவிழும். இல்லாட்டி இவருக்கும் கடன் குடுக்காதேங்கோ. எல்லாருமாச் சேர்ந்து இருமல் பாணி குடிப்பம்."

முதலில் சிரித்தது பெருமாளின் மனைவி. பிறகு கிணற்றடி சிரித்தது. கடைசியாக டொக்டர் சிரித்தார், அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். மனேஜர் மணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "டொக்டர், சூசைக்கு நீங்கள் பிணை நிப்பியளோ?" என்று கேட்டார்.

"நிக்கிறன். அந்தக் கால் என்ரை கால். நான் தைச்சது."

"சூசை, டொக்டருக்கு நீ பிணை நிப்பியோ?"

சூசை காலைச் சொறிவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டினான். "அப்ப விக்கினம் தீர்ந்துது" என்று மனேஜர் மணியை அடித்தார். மறுநாள் சங்கக் கமிட்டி கொதித்தது. கடன்பட்டவனும் கடன் கொடுத்தவரும் ஒருவருக்கொருவர் பிணை நிற்பதென்பது எந்த நாட்டுச் சட்டம் என்று கேட்டார்கள். "கலியாணச் சட்டம்" என்றார் மனேஜர். இரண்டு கடனுக்கும் தேவைப்பட்ட இரண்டாவது பிணையாகத் தானே கையெழுத்து வைத்தார். அது விதிப்படி பிழை. ஆனால் ஆண்டகை இல்லாத இடத்தில் அவரே ஆண்டகையாகிவிட்டார். டொக்டருக்கும் மதலேனாவுக்கும் வங்கியில் கலியாணம் முடிந்தது என்று ஊர் வெகுகாலம் பகிடி பண்ணியது.

எஞ்சின் வந்தது. யுத்தம் கடலுக்குப் போக விட்ட நாட்களெல்லாம் சூசை போனான். பிடிபட்டதில் டொக்டருக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஒரு பங்கு, மிச்சம் வீட்டுக்கு. டொக்டர் வாரந்தோறும் கரைக்கு வந்து சூசையின் காலைப் பார்ப்பார். பிறகு கழுத்திலிருந்த குழாயை எஞ்சினில் வைத்துக் கேட்டு, "நெஞ்சிலை கொஞ்சம் சளி" என்பார். அவருடைய பில் தீர்ந்துவிட்டது. அவருக்குப் புது மருந்துப் பெட்டிகளும் வந்துசேர்ந்தன. எங்கள் கடனில் மட்டும் கொஞ்சம் மிச்சம் நின்றது. கடை மரியநாயகமோ அசையவில்லை. விக்கினம் விழுந்ததைத்தான் தன் காதால் கேட்டதாகவும், தீர்ந்ததை யாரும் ஓலையில் வாசிக்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். மதலேனா கைக்காசு கொடுத்தே சீனி வாங்கினாள்.

பிறகு ஒருநாள் யுத்தம் கிட்ட வந்து, கரை முழுவதும் எழும்பி ஓடவேண்டி வந்தது. அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. காட்டோரத்துக் கோயில் வளவு ஒன்றில் தறப்பாளால் கூடாரம் கட்டி இருந்தோம். எங்கள் கந்தோரும் அதிலிருந்த கடதாசியும் போய்விட்டன. மனேஜர் கொண்டுவந்தது ஒரு துணிப்பையும் அந்தக் கைமணியும். டொக்டர் பாலைமரத்தடியில் காசு வாங்காமல் ஏசிக்கொண்டிருந்தார். சூசையும் மதலேனாவும் எஞ்சினைப் பாயில் சுற்றி உழவு மெசினில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். மரியநாயகமும் அங்கேதான், இரண்டு மரத்துக்கு நடுவில் தறப்பாளுக்குக் கீழே கடை போட்டிருந்தான். உலகம் அழிந்தாலும் தராசைக் கொண்டுவரும் ஆள்.

ஒருநாள் மதலேனா வந்து மனேஜர் முன்னால் ஒரு காசுச் சுருளை வைத்தாள். எஞ்சினை விற்றுவிட்டாளாம்.

"ஏன் பிள்ளை வித்தனீ?" மனேஜர் பதறிப்போனார். "வங்கியே இல்லை. கடனைக் கேக்க ஒரு குருவியும் வராது."

"கடல் இல்லாத இடத்திலை எஞ்சினை என்ன, தாலாட்டுறதோ? கடனை எடுங்கோ, ஐயா."

"துண்டு எழுதித் தரக்கூட என்னட்டைப் புத்தகம் இல்லை."

"எனக்குத் துண்டு வேண்டாம். விக்கினத்தை மணியடிச்சு ஊர் கேக்கச் சொன்னனீங்கள். தீர்ந்ததையும் மணியடிச்சு வாசியுங்கோ. மூண்டு ஞாயிறு."

"கோயிலிலை அப்பிடி ஒரு ஓலை இல்லையே, பிள்ளை."

"நீங்களே உண்டாக்கின ஓலைதானே? இன்னொண்டை உண்டாக்குங்கோ."

மனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைத்தது கண்ணாடியை அல்ல, கண்ணை. வாசிக்க வேண்டியவன் நான்தானே, ஓலை எழுத ஒரு துண்டுக் கடதாசி தேடத் தொடங்கினேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் மரத்தடியில் மணி ஒலித்தது. வங்காலை மனுவேல் மகன் சூசையும் அவர் பெண்சாதி மதலேனாவும் டொக்டருக்கும் சங்கத்துக்கும் கொடுக்கவேண்டிய யாவற்றையும் கொடுத்துத் தீர்த்தார்கள், இது முதலாம் ஓலை என்று வாசித்தேன். சனம் ஒன்றும் விளங்காமல் பார்த்தது. இரண்டாம் ஞாயிறு விளங்கியது. மூன்றாம் ஞாயிறு வளவு நிறைந்துவிட்டது. வாசித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் என் வாய், விக்கினம் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சேர்த்துவிட்டது. ஒரு கணம் எல்லோரும் டொக்டரைப் பார்த்தார்கள். டொக்டர் குடையை ஊன்றி எழுந்தார்.

"ஒரு விக்கினமும் இல்லை" என்று காடு அதிரக் கத்தினார். மனேஜர் மணியை அடித்தார், அதன் நாக்கு கழன்று விழும் வரை.

மதலேனா நேரே மரியநாயகத்தின் தறப்பாளுக்குப் போனாள். அவளிடம் அப்போது எஞ்சினும் இல்லை, வீடும் இல்லை, மடியில் ஒரு சதமும் இல்லை. சனம் பின்னால் போனது, நானும் போனேன்.

"முதலாளி, ஓலை கேட்டதோ?"

மரியநாயகம் தராசைத் துடைத்தான். "கேட்டது."

"மூண்டும்?"

"மூண்டும் கேட்டது."

"அப்ப ஒரு சுண்டு சீனி போடுங்கோ" என்றாள் மதலேனா. "கடனுக்கு."